நம் ஊர் பூத் தோற்றது, உங்கள் கட்சி வென்றது

என்றும் என் பிரியத்துக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கட்சி வென்றுவிட்டது. நீங்கள் காலமான பிறகு நடந்த முதல் தேர்தல் இது. நல்ல செய்தியைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் மகிழ்ந்து எழுத முடியவில்லை.

சாணார்பட்டியில் நன்றி அறிவிப்புக் கூட்டம் நடந்தது. மதினியும் நானும் கடைசி வரிசையில் இருந்தோம். வென்றவர், இது தலைமையின் அலை என்றார். கூட்டணிக் கட்சிக்காரர், தங்கள் ஓட்டு இல்லாவிட்டால் டெபாசிட் போயிருக்கும் என்றார். சென்னையிலிருந்து மடிக்கணினியோடு வந்து தங்கிப் பிரசாரத்துக்கு வியூகம் வகுத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முப்பது ஆண்டுகள் நம் ஊர் பூத்தைக் காத்த உங்கள் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை.

"சொல்லுவாக, செத்த இருங்க தம்பி" என்று மதினி இரண்டு முறை சொன்னார். நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகே எழுந்தார்.

அந்தக் கணத்தை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் என் கோபத்துக்கு ஆதாரம் உண்டா என்பதில்தான் குழம்புகிறேன்.

நம் ஊர் பூத்தில் இம்முறை கட்சி தோற்றது, அண்ணே. மல்லிகை எடுக்கும் நேரத்தில் யாரையும் பார்க்கப் போகக் கூடாது என்பது நீங்கள் வகுத்த விதி. இவர்களோ விடியற்காலையில் வேட்பாளரைத் தோட்டத்துக்கே கூட்டி வந்து, வேட்டுப் போட்டு, மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த பெண்களை ஆரத்தித் தட்டோடு வரிசையில் நிறுத்தினார்கள். அதற்குள் மொட்டுகள் விரிந்துவிட்டன. விரிந்த பூ சந்தையில் என்ன விலைக்குப் போகும்? "ஓட்டுக் கேக்க வந்தாகளா, பொழப்பக் கெடுக்க வந்தாகளா?" என்று அன்றே ஊர் முழுக்கப் பேச்சு.

நீங்கள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் நீங்கள் இல்லாமலும் தொகுதியை வென்றுவிட்டார்களே! அப்படியானால் முந்தைய வெற்றிகளில் உங்கள் பங்கு என்ன?

போன வாரம் கிளைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"மதினி, உள்ளாட்சித் தேர்தல் வருதுல்ல. அண்ணே பென்சில்ல குறிச்சு வச்ச ஓட்டர் லிஸ்ட்டக் குடுங்க."

"மேடையில பேரு ஞாபகம் வரல. லிஸ்ட்டு மட்டும் ஞாபகம் வந்துருச்சாக்கும், அப்பு?"

"எம்புட்டுப் பேரத்தான் சொல்றது மதினி? நேரமாயிருச்சு. சனிக்கிழமை வாரேன், எடுத்து வைங்க."

அவர் போன பிறகு பட்டியலைப் பிரித்தேன். பெயர்களுக்கு எதிரே உங்கள் கையெழுத்து. 'மகன் முன்னால் கேட்காதே.' 'முதலில் மாட்டைப் பற்றி விசாரி.' 'துக்க வீடு, காரியம் முடியட்டும்.' கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தும் நான் இதில் ஒரு வரியைக்கூட எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பிறகு என் பெயர் வந்தது. 'எதிர்க்கட்சி. கேட்க வேண்டாம்.'

தெரிந்தேதான் இருந்திருக்கிறீர்கள். இத்தனை தேர்தல்களிலும் உங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இந்த முறைதான், உங்களை நினைத்து, உங்கள் சின்னத்தில் போட்டேன். அந்த ஓட்டும் அலையில் சேர்ந்ததா? அதையும் சென்னைக்காரர்கள்தாம் கொண்டுவந்தார்களா?

வெற்றி யாருடையது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பட்டியல் யாருடையது என்பது தெரியும். ஊர் உங்களை நம்பிச் சொன்ன வீட்டுச் சங்கதிகள் அதில் இருக்கின்றன. சனிக்கிழமை வாசலில் நானே நிற்பேன். அது அவர்கள் கைக்குப் போகாது. இது என் வாக்கு.

இப்படிக்கு,
நீங்கள் ஒருமுறைகூட ஓட்டுக் கேட்காத உங்கள் தம்பி