கதவு இல்லாத வண்டி

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

முதலில் நம் பிள்ளைகள் சேதி. உன் அக்காவின் மூத்தவன் கணக்கில் பள்ளிக்கே முதல். இளையவள் நீச்சலில் கோப்பை வாங்கி வந்தாள். அதில்தான் இப்போது உப்பு வைத்திருக்கிறோம். உன் அண்ணன் மகன் வங்கியில் சேர்ந்து, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போகிறான். எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது அவன் தங்கைதான். நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தாளே, அவள். இப்போது ஸ்பானர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். செத்துக் கிடந்த பட்டாளத்து வண்டியை எழுப்பி மரம் ஏற்றி வந்துவிட்டாள்!

அப்பா வாங்கிய இரண்டில், பட்டறை வாசலில் நிற்கும் மூத்த வண்டியைச் சொல்கிறேன். கியர் பெட்டி உடைந்து, துருப்பிடித்து நின்றது. உன் அண்ணன் என்னைக் கேட்காமல் பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்தான். அவர் பம்பரைத் தட்டிப் பார்த்து, “என்னம்மா, இது சண்டைக்குப் போன வண்டியா, இதைப் பாத்துட்டு சண்டையே ஓடிப்போச்சா?” என்று சிரித்தார். “உன் வாயை எடைக்குப் போடு, நல்ல காசு வரும். வண்டியை விடு” என்று அனுப்பிவிட்டேன். மேட்டிலிருந்து ஈர மரத்தடியை இறக்கப் புது லாரிகளால் ஆகவில்லை. பாதி வழியில் சேற்றில் உட்கார்ந்துவிடுகின்றன.

ஆனால் அந்தக் கியர் பெட்டிக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீ போனதிலிருந்து, உன் வண்டி உருண்ட அந்த வளைவின் பேச்சையே இங்கே எடுப்பதில்லை. இந்த முறை நானே எடுத்தேன். பள்ளத்தில் கிடக்கிற இளைய வண்டியில் இருந்து கழற்றி வாருங்கள் என்றேன்.

உன் அண்ணனும் ஸ்பானரும் இன்னும் இரண்டு பேரும் வடம் கட்டி இறங்கினார்கள். பெட்டியைக் கழியில் கட்டித் தோளில் சுமந்து ஏற்றினார்கள். மேலே வந்ததும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “பாட்டி, சித்தப்பா உக்காந்திருந்த சீட்டே இல்ல. அந்த இடத்துல கூரையைப் பொத்துக்கிட்டு ஒரு பாறைதான் உக்காந்திருக்கு” என்றாள். உன் அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கை கழுவினான்.

அன்று “வண்டி போச்சே” என்று அப்பா சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு நீ வீட்டை விட்டுப் போனாய். வண்டியை வாங்கிய அன்றே கதவுகளைக் கழற்றிப் போட்டது யார்? அவர்தான். காற்று வாங்கவா கழற்றினார்? சரிவில் லோடு தள்ளினால் குதிக்கத்தான். அவர் கழற்றி வைத்ததால்தான் நீ குதித்துப் பிழைத்தாய். நீ லோடைப் போட்டுவிட்டு ஓடியவன் இல்லை. இதை இனி யாரும் மாற்றிச் சொல்ல நான் விடமாட்டேன். நீயும் சொல்லக் கூடாது.

பெண் பிள்ளை ஓட்டுகிற வண்டி, கதவு போடலாம் என்றான் உன் அண்ணன். கதவு இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவளுக்கும் குதிக்க வழி வேண்டும். பெருமழை வருவதற்குள் மேட்டில் கிடக்கும் தடியெல்லாம் கிடங்குக்கு வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் என் ஆசீர்வாதம் உனக்கு முன்னால் போகும்.

வண்டியில் தன் கண் படுகிற இடத்தில் ஸ்பானர் உன் அப்பாவின் படத்தை ஒட்டியிருக்கிறாள். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறாள். இங்கே இருக்கிற படத்தில் உனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, அது யாரோ பையன் என்கிறாள். புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. நரைத்திருந்தால் நரைத்தபடியே.

உன் அம்மா