கூரையில் புகை வராத காலை

அன்பு மகள் யாங்டோலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இந்தக் குளிரிலும் அப்பா, நான், பசு, இரண்டு ஆடுகள் எல்லோரும் உடம்பில் சூட்டோடு நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நாங்கள் இன்னும் முகம் பார்க்காத அந்தப் பேரப்பயலும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். பனி விழுந்து வண்டிப் பாதை மூடிவிட்டது, டவுனுக்கு நடந்து போகிற ஆளிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன், போனிலும் ஒரு சத்தமும் இல்லை. அதுவும் நல்லதுதான், போனில் சொல்லியிருந்தால் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பாய். எழுதினால்தான் நீ நிதானமாகப் படிப்பாய்.

நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்னொரு குளிர்காலம் இந்த அடுப்புப் புகையில் கிடந்தால் உங்கப்பா தேறமாட்டார் என்று டாக்டர் சொன்னதும் நீ மூட்டை கட்டச் சொன்னாய், அவர் சாகறதா இருந்தாலும் என் வீட்டுலதான் சாவேன், அந்தச் சமவெளி வெக்கையில எவன் இருப்பான்னு முறுக்கிக்கொண்டார். பாதை திறந்ததும் வருவேன், இருமல் குறையலேன்னா தூக்கிட்டாவது போவேன்னு நீ அழுதுகொண்டே வண்டி ஏறினாய். பிறகு புகையில்லாமல் வீடு சூடாக ஒரு வழி செய்யச் சொல்லிக் கொத்தனார்களை அனுப்பினாய். அவர்கள் நம் தெற்குச் சுவருக்குக் கறுப்புச் சாயம் பூசி, ஒரு சாண் இடைவெளி விட்டு முழுக்கக் கண்ணாடி அடைத்து, சுவரில் மேலேயும் கீழேயும் ஓட்டை போட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஊரெல்லாம் வெள்ளையடித்து நிற்கிற இடத்தில் நம் வீடு மட்டும் கரிச்சட்டி. எதிரே போகிறவர்கள் எல்லாம் என்ன பல்மோ, மகள் உன் வீட்டைக் கடையாக்கிட்டாளா, என்ன விக்கிறேன்னு கேட்டார்கள். விக்கிறது வெயிலு, வேணும்னா ஒரு படி அளந்துக்கோன்னு நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகு, கொத்தனார் சொன்னபடி ஓட்டைகளை மூடிவிட்டுச் சுவரில் கை வைத்தேன். பசுவின் வயிற்றைத் தொட்டதுபோல் இருந்தது. கையை எடுக்கவே மனம் வரவில்லை. உங்கப்பாவைக் கூப்பிட்டேன், அவரும் வைத்தார், அப்படியே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். வெளியே வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடக்கிறது, உள்ளே தீயில்லாத சுவர் எங்களுக்குச் சூடு கொடுக்கிறது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஆனாலும் நான் அடுப்பை விடவில்லை. காலையில் எழுந்தால் கை தானாக வரட்டிக்குப் போகும். தீ இல்லாத அடுப்பைப் பார்த்து ஒரு விருந்தாளி வாசலோடு திரும்பினால் அதைவிடக் கேவலம் உண்டா, அடுப்புத் தெய்வம்தான் சும்மா இருக்குமா. உங்கப்பாதான் கடைசியில் இருமிக்கொண்டே, வெயில் ஒரு பக்கம் எரியுது, வரட்டி ஒரு பக்கம் எரியுது, நான் நடுவுல வேகறேன், எதையாவது ஒண்ண அணைடின்னு கத்தினார். நான் அடுப்பின் முன்னால் ஒரு கிண்ணம் பால் வைத்து, தாயே கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோ என்று சொல்லிவிட்டுத் தீயை நிறுத்தினேன். சமையல் கேஸில் ஆனது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். நம் கூரையில் இரண்டு காலையாகப் புகை வரவில்லை. இந்த மாதத்தில் ஒரு வீட்டில் புகை வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா. அப்பா போய்விட்டார், நான் ஒருத்தி பிணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம் வீட்டுச் சாவை எடுத்துச் செய்ய வேண்டியவர்கள் பங்காளிகள்தானே, அவர்கள் அத்தனை பேரும் விளக்கு, வெண்ணெய், வெள்ளைத் துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு, லாமாவுக்கு ஆளும் அனுப்பிவிட்டு ஓடிவந்தார்கள். முன்னால் உன் முருப் பெரியப்பா, படி ஏறும்போதே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியேடா நம்க்யாலுன்னு அழுகை.

அப்போது மதியம், நான் உங்கப்பாவுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ மாடியில் வைக்கச் சொன்னாயே, கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புப் பீப்பாய், அந்தத் தண்ணீர். முதல் நாள் அதற்குக் குளிருமே என்று கம்பளியைப் போர்த்திவிட்டேன், சூரியன் கண்ணக் கட்டிட்டு சூடு கேக்கறியான்னு உங்கப்பா சிரித்தார். இப்போது காலையில் ஆற்றுத் தண்ணீரை நிரப்புகிறேன், மதியம் கை சுடுகிறது, சாயங்காலம் உறைவதற்குள் வடித்துவிடுகிறேன். குளிர்காலத்தில் தலைக்குக் குளிப்பது நம் வம்சத்திலேயே இதுதான் முதல் தடவை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கூட்டம் அப்படியே நின்றது. உங்கப்பா சோப்பு நுரையோடு தலையைத் தூக்கி, அண்ணே அந்தத் துண்டு எனக்குத்தானே, குடு, தலை துவட்டிக்கறேன் என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. முருப் பெரியப்பா நேராக அடுப்புக்குப் போய் அதன் இரும்புக் கதவைத் திறந்து சாம்பலுக்குள் கையை விட்டார், சில்லென்று கிடந்தது. பல்மோ, நெருப்ப எங்க ஒளிச்சு வச்சிருக்கே, உண்மையச் சொல்லு என்றார். நான் சுவரைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி, மடத்தில் செய்வதுபோல நெற்றியை அதில் ஒட்டி வைத்தார். நெற்றியை எடுக்காமலே, என் வீட்டுச் சுவரும் பொறந்ததிலேருந்து இதே வெயில்லதான நிக்குது, நாந்தான் ஒருநாளும் கேக்கலியே என்றார். அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகிற மாதிரி இல்லை. சாவுக்குக் கொண்டுவந்த வெண்ணெயில் உப்புத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். வருகிற லாமாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் வந்ததும் சுவருக்கே பூஜை செய்யச் சொன்னோம்.

யாங்டோல், இதே வெயில் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சுவரில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையெல்லாம் சாணம் பொறுக்கினேன். போன வருஷம் இந்நேரம் விறகு வாங்க டவுனுக்கு ஆள் போனது, இப்போது கூரையில் வரட்டி அடுக்கிய படியே இருக்கிறது. முருப் பெரியப்பாவும் இன்னும் நாலு வீட்டுக்காரர்களும் அந்தக் கொத்தனார்களை அனுப்பச் சொல்கிறார்கள், மறக்காதே. பயலுக்குக் காதை மூடிக் கட்டு, ராத்திரிப் பனியில் வெளியே எடுக்காதே. மாப்பிள்ளைக்கு உலர்ந்த பாதாமி எடுத்து வைத்திருக்கிறேன். புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உங்கள் மூவரையும் கூடவே இருந்து காக்கட்டும்.

உங்கப்பா ஏதோ எழுதச் சொல்கிறார், அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். பாதை திறந்ததும் நீ வா, ஆனா என்னத் தூக்கிட்டுப் போக வராதே, என் பேரனத் தூக்கிட்டு வா, அவன வெந்நீர்ல நானே குளிப்பாட்டி, கறுப்புச் சுவரோரம் என் மடியில போட்டுத் தூங்கவச்சு, நீ எப்படி அழுதுட்டுப் போனேன்னு அவனுக்குக் கதை சொல்லணும் என்கிறார்.

இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் இருமவே இல்லை.

உன் அம்மா,
பல்மோ