காற்று வரும் வழி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று என்னிடம் சொன்னால் வலி போய்விடுமா? நீ வேளைக்குச் சாப்பிடு. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவன் கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டி என்று வாயெடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்தாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தம்பியின் டர்ட் பைக்கை விற்றுவிடலாம் என்று அப்பா சொன்னார். அவன் நம்மை விட்டுப் போனதிலிருந்து அது பின்கொட்டகையில்தான் கிடந்தது. அவனோடு மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டிய பெண் ஒருத்தி கேட்டு வந்தாள். புது பெட்ரோல் ஊற்றி உதைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. சும்மா நின்று ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் போதும், திக்கியது. ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் நின்றுவிடுகிற மாதிரி. நானே சரிசெய்துகொள்கிறேன், கொடுங்கள் என்றாள் அந்தப் பெண். இன்னொருத்தி பெற்ற பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சரியான பிறகு வா என்று அனுப்பிவிட்டேன்.

கடைசியாகப் பந்தயத்துக்குக் கிளம்பிய அன்று காலையும் அது இப்படித்தானே திக்கியது? அதனால்தானே இதைப் போட்டுவிட்டு, நண்பனிடம் பழக்கமில்லாத வண்டியை வாங்கிக்கொண்டு போய் விழுந்தான். அதற்கு முந்தின நாள்தான் நீ கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோலை அளந்து விடுகிற அந்தப் பித்தளை ஜெட்டைப் பெரிதாக மாற்றிக் கொடுத்திருந்தாய். "நீ கை வைக்காம இருந்திருந்தா அவன் அடுத்தவன் வண்டியில ஏறியிருக்கவே மாட்டான்" என்று அப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லோடு வீட்டைவிட்டுப் போனவன் நீ. ஸ்பேனரையே தொடுவதில்லை என்றும், இரவில் தூங்குவதில்லை என்றும் உன் அறைக்காரப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவளிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

பூனைக்கண் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பிளக்கைக் கழற்றினான், கரி அப்பியிருந்தது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்றான். நீ போட்ட ஜெட்டை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டான். திக்கியது. அதைவிடச் சின்னதாகப் போட்டான். அப்போதும் திக்கியது. காற்றை வடிகட்டுகிற ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டினான். அதற்கும் மசியவில்லை. "அக்கா, இதுல என்னமோ இருக்கு, என்னை விட்டுடுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அத்தனை பெரிய ஆள் பயந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவன் போன பிறகு எனக்கும் பயம் வந்தது.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் கொட்டகைக்குப் போய் வண்டியை உதைத்து முறுக்குவேன். அதே இடத்தில் திக்கும். சின்ன வயதில் தம்பி பொய் சொல்ல ஆரம்பித்தால் இப்படித்தான் திக்குவான், நினைவிருக்கிறதா? என்னை அறியாமல் "சொல்லுடா" என்று கேட்பேன். எஞ்சினை அணைத்த பிறகும் பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வராது. வீட்டுக்குள் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

தையல் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால், நான் அறுந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். நூல்கண்டில் ஆரம்பித்து ஊசிவரைக்கும் விரலால் தொட்டுக்கொண்டே வருவேன். ஒரு நாள் அதையே இதிலும் செய்து பார்ப்போம் என்று தோன்றியது. காற்று குறைவு என்றால், காற்று நுழைகிற இடத்திலிருந்துதானே தேட வேண்டும்? ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதன் பின்னால் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டேன். வளைவில் மெத்தென்று ஏதோ பட்டது. செத்த எலி என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு சாக்ஸ்.

குதிகாலில் பச்சை நூலால் நான் இழையோட்டியது. சாம்பல் நிறச் சாக்ஸுக்குப் பச்சை நூலா என்று தம்பி என்னைக் கேலி செய்ததுதான்.

வண்டியைக் கழுவும்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் உள்ளே போகாமல் அந்த ஓட்டையில் நீளத் துணியை அடைப்பீர்களே. மறந்துபோகாமல் இருக்க வால் வெளியே தொங்கும். நீ ஜெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அன்று சாயங்காலம் வண்டியைக் கழுவியவன் அவன். துணி தேடச் சோம்பல்பட்டு, காலில் கிடந்ததை உருவி அடைத்திருக்கிறான். அதற்கு ஏது வால்? மறந்து ஃபில்டரை மாட்டிவிட்டான். எஞ்சின் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. எட்டாம் மாதத்திலேயே வந்து பிறந்த அவசரக்குடுக்கை, எதைத்தான் நிதானமாகச் செய்தான்? அவன் மேல் கோபப்படாதே.

மெக்கானிக்கைக் கையோடு இழுத்துவந்து, நீ போட்ட ஜெட்டையே மறுபடி போடச் சொன்னேன். ஒரே உதை. முறுக்கினேன். திக்கவே இல்லை. சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். முழங்கால் வலியையெல்லாம் மறந்து அப்பா வெறுங்காலோடு ஓடி வந்தார். "வந்துட்டானா?" என்று கேட்டார். உன்னையா, தம்பியையா என்று நான் கேட்கவில்லை. சாக்ஸை அவர் கையில் கொடுத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பச்சை நூலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பெரியவன் வேலை சரியாத்தான் இருந்திருக்கு. அவன்கிட்ட சொல்லிடு" என்றார். "அன்னைக்குச் சொன்னது நீங்க. இதையும் நீங்கதான் சொல்லணும்" என்று நானும் விடவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல் எழுதுகிறேன். உன் கையில் தப்பில்லை. ஒரு துளிகூட இல்லை.

நேற்று அந்தப் பெண் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வண்டி திக்கிக்கொண்டிருந்தவரை தம்பி எதையோ சொல்வதற்காக அங்கே நின்றான். இப்போது கொட்டகையில் யாரும் இல்லை. ஏன் சரிசெய்தேன் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. உன் முகம் நினைவுக்கு வந்ததும் என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்பா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். உன் எண்ணை அழுத்திவிட்டு, உன் பக்கம் மணி அடிப்பதற்குள் துண்டித்துவிடுகிறார். என்றாவது துண்டிக்காமல் விட்டுவிடுவார். எந்த வேலையில் இருந்தாலும் எடு, கண்ணு. அவருக்குப் பேச்சு வராமல் வெறும் மூச்சு மட்டும் கேட்டாலும் வைத்துவிடாதே.

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். இன்றைக்காவது தூங்கு.

இப்படிக்கு,
உன்னையும் பெற்ற அம்மா