ஜெசிந்தா மேடம் வீட்டுக் கேக்

ஆமத்தூர்,
29.12.2006

அன்பு மகள் எழிலுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. லீவு முடியும் முன்பே கிளம்பிப் போனவள், ஹாஸ்டல் போய்ச் சேர்ந்ததாக ஒரு போன்கூடப் போடவில்லை. கோபம் இருக்கத்தானே செய்யும், தாயி.

விருதுநகரில் உன் காலேஜ் மேடம் நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டார். நான் மானத்தை வாங்கிவிட்டேன்.

பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டைப் பற்றி முந்தின நாள் சொன்னாயே. கந்தல் கட்டிய குடும்பம்கூட அன்றைக்கு முழு வாத்தைச் சுட்டு வைக்குமாம். கிராம்பும் ஆரஞ்சும் போட்டுச் சாராயத்தைச் சூடாகக் குடிப்பார்களாம். கேக்கில் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவதையும் சொன்னாயாம், அம்மா இப்போது சொல்கிறாள். நான் பாவி, சாராயம் வரைக்கும் கேட்டுவிட்டுக் கண்ணசந்துவிட்டேன்.

மேடம் கேக்கைக் கதையில் உள்ளபடியே கொளுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, நீலமாக எரிய எரியத் தட்டில் தூக்கி வந்தார். நீ பக்கத்தில் நின்றாய். வெடி மருந்து கலக்கும் அறையிலேயே காலம் தள்ளியவனுக்கு அது கேக்காகத் தெரியவில்லை. வெளிய ஓடுங்க என்று கத்தி உன்னை வாசலுக்குத் தள்ளினேன். ஜோடித்திருந்த சவுக்கு மரத்தை வாளியிலிருந்து பிடுங்கி எறிந்து, வாளி மணலைக் கேக்கின் மேல் கொட்டினேன்.

விளக்கைப் போட்டால் பிரியாணிச் சட்டி வரை மணல். அப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாது மேடம், வெடி கம்பெனி ஆளு, மன்னிச்சிருங்க என்று நீதான் சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பஸ்ஸில் நீ தனியாக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாய்.

அடுத்தவக சோத்துல மண்ணள்ளிப் போடுறதுன்னு சொல்லுவாக, நீங்க நெசமாவே போட்டுட்டு வந்திருக்கீக என்றாள், சளியோடு வீட்டிலேயே படுத்திருந்த அம்மா. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்க நேற்று சேவு வாங்கிக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். பெல்லை அடிக்கக் கை வரவில்லை. பையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். யார் வைத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நீ பட்டம் வாங்கும் விழாவுக்கு அம்மா மட்டும் வரட்டும். யாராவது கேட்டால், கம்பெனியில் லோடு ஏற்றுகிறார், லீவு இல்லை என்று சொல்லிவிடு. கூட்டம் வெளியே வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று உன்னை அந்த அங்கியில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். கூப்பிட மாட்டேன்.

பொங்கலுக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிடு, தாயி. நல்லா இருக்கணும் நீ.

உன் அப்பா,
ஊர்க்காவலன்