இடது பக்கத்துப் பாட்டு

மார்ச் 2, ஞாயிறு

காரில் பாட்டு ஒரு பக்கமாகவே வருகிறதாம். இடது ஸ்பீக்கர் செத்துவிட்டதாம். ஒரு வாரமாக வீட்டுக்காரருக்கு இதே புலம்பல். வாடகைக் காரில் ஏறுகிறவர்கள் பாட்டு கேட்கவா வருகிறார்கள் என்றேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் அடிக்கிற கிண்டலுக்கு இப்போதெல்லாம் முகம்கூடத் திரும்புவதில்லை. பழசாகிவிட்டேன் போல.

மார்ச் 9, ஞாயிறு

பிரித்துப் பார்த்தே தீருவேன் என்று காலையிலேயே வாசலில் ஆரம்பித்துவிட்டார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். டேஷ்போர்டில் ஸ்டீரியோவைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு வெளியே ஸ்க்ரூ கிடையாது, உள்ளே கிளிப் கவ்விப் பிடித்திருக்கிறது. இரும்பால் நெம்பினால் கீறல் விழுமாம். என் மரக்கரண்டியில் துணி சுற்றிக் கொடுத்தேன்.

"கல்யாணமான நாள்லேருந்து இன்னைக்குத்தான் கரண்டி புடிக்கிறீங்க," என்றேன். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துதான் சொன்னேன். ஒரு சிரிப்புக்கும் வழியில்லை.

டக்கென்று ஒரு கிளிப் உடைந்து, சட்டம் கையோடு வந்தது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்டீரியோப் பெட்டியை இழுத்தார். பின்னால் கொத்தாக வயர். இடது ஸ்பீக்கர் வயரையும் வலது ஸ்பீக்கர் வயரையும் மாற்றிப் போட்டார். பெட்டியில் கோளாறு என்றால் இப்போது வலப்பக்கம் ஊமையாகணுமாம். பேட்டரியை மாட்டிப் பாட்டு வைத்தார். வலது நன்றாகப் பாடுதாம், இடதுதான் இல்லையாம். அப்படியானால் ஸ்பீக்கரேதான் என்று சொல்லி, என்னைத் தன் சீட்டில் உட்கார வைத்தார்.

இரண்டு பக்கமும் பாடியது. கணீரென்று.

ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இடது பக்கம் கேக்குதா?"

"இல்லீங்க," என்றேன்.

மார்ச் 10

எதற்கு அப்படிச் சொன்னேன்? ஸ்டியரிங்கை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? ஆனால் ரோட்டில் இடப்பக்கம் யாராவது ஹாரன் அடித்தால் —

மார்ச் 19

அடித்திருக்கிறார்கள். ஸ்கூட்டரில் வந்த ஒரு அம்மா ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். இவர் அப்படியே இடது பக்கம் திருப்பிவிட்டார். அந்த அம்மாவுக்குக் கை உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவர், காரை விட்டு இறங்கவே இல்லை. வலப்பக்கக் கதவருகில் போய் நின்று, இடது ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்," என்றார். "பாட்டு வந்ததும் உன் தலை தானா இடது பக்கம் திரும்பிச்சு. பாத்தேன்."

தெரிந்துமா ஓட்டினீங்க என்று வாய்வரை வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை? ரெண்டு பேரும் சேந்துதானே அந்தம்மா கையை உடைச்சோம்.

மார்ச் 22

டாக்டர் பார்த்தார். இடது காது போனது போனதுதானாம். வலதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுமாம். மெஷின் வைத்தாலும் கொஞ்ச காலத்துக்குத்தான். இனி வண்டி ஓட்டக் கூடாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கார் போயிற்று. வாங்க வந்தவர் பாட்டுப் போட்டுப் பார்த்து, சவுண்டு பிரமாதம் என்றார். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கடைக்கு நடந்துபோனோம். என் வலப்பக்கம் வந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, பின்னால் சுற்றி, இடப்பக்கம் வந்தார். நல்ல காது என் பக்கம்.

தெருமுனைத் தையல்காரர் எதிரே போனார். ஊரில் எல்லார் அளவும் அவருக்கு அத்துப்படி, தன் தொப்பைக்கு மட்டும் கல்யாணத்தன்று எடுத்த அளவையே இன்னும் வைத்திருக்கிறார், பாவம் அந்த பட்டன், என்றேன். இவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

கொஞ்ச தூரம் போனதும், "தையல்காரரைப் பத்தி சொன்னியே, அதை மறுபடி சொல்லு," என்றார்.

சொன்னேன். நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல்.