நான் அழித்த பச்சைக் கோடு

இன்று காலை நம் ஸ்டூடியோவுக்கு ஒரு கல்யாண ஆல்பம் திரும்பி வந்தது. ஈரம் ஏறித் தாள்கள் ஒட்டியிருந்தன. திறந்ததும் பூஞ்சை நாற்றம். நீ படம் பிடித்து, நான் செய்த ஆல்பம். கொண்டுவந்தவள் அந்தக் கல்யாணப் பெண்ணேதான், இடுப்பில் ஒரு குழந்தை. கடைசிப் பக்கத்து இரவுப் படத்தைத் தொட்டு, “அண்ணே, அன்னைக்குப் பச்சையா ஒரு வெளிச்சம் அடிச்சுச்சே, அது ஏன் இதுல விழல?” என்று கேட்டாள்.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் ஜோடியை அசையாமல் நிறுத்தி, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஷட்டரைப் பத்து செகண்ட் திறந்து நீ எடுத்த படம். விடியற்காலையில் வந்து மெமரி கார்டை என் மேசையில் வைத்தாய். “ஒரு சாமான் சிக்கியிருக்கு, எழும்பி வந்து காட்டுறேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாய். எனக்கு எங்கே பொறுமை? லயத்துப் படம் என்றால், கூரைக்கு மேலே போகும் கரண்டு கம்பிகளை அழிப்பதுதான் என் முதல் வேலை. கம்பி தெரிந்தால் எந்தப் பெண் வீட்டாருக்கும் பிடிக்காது. ஐந்து கம்பிகளோடு ஆறாவதாக ஒரு பச்சைக் கோட்டையும் துடைத்தேன். மத்தியானம் வேறொரு கல்யாணம், அதற்காகக் கார்டையும் காலி செய்தேன்.

நீ எழுந்து வந்து திரையைப் பார்த்தாய். அதையும் கம்பி என்று நினைத்து அழித்ததாகச் சொன்னேன். நீ திட்டவில்லை.

“கம்பிக்குத் தலை பெருத்து, வால் சிறுத்து இருக்குமாடா? எரிகல்லு அது.”

ஒத்துக்கொள்ள ரோஷம் விடவில்லை. கோயிலில் விட்ட வாணமாக இருக்கும் என்று சாதித்தேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டில் அந்தக் கதையை எடுத்தாலும், சாட்சிக்கு என் முகத்தைப் பார்ப்பாய். நான் சிரிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மாரடைப்பில் நீ போகும்வரை பூண்டுலோயா டவுனில் உனக்கு ‘வாணக்காரன்’ என்றுதான் பேர். இப்போது சொல்கிறேன், கேள். அழிக்கும்போது பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்குத் தலை இருந்தது. கம்பியில் பட்ட பல்பு வெளிச்சம் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். நீ சொன்ன பிறகு எனக்குப் புரிந்தது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நீ அதைப் பார்த்தியாம்மா?”

“இல்லண்ணே, நாங்க கேமராவத்தானே பார்த்துக்கிட்டு நின்னோம். இருட்டுல நின்னு படம் எடுத்த அந்த அண்ணன் மூஞ்சி திடீர்னு பச்சையா ஆச்சு. வாயத் தொறந்துக்கிட்டு வானத்தையே பார்த்தாரு.”

எனக்கு ஆவல் தாங்கவில்லை. வெளிச்சம் எந்தக் கன்னத்தில் முதலில் விழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று துருவினேன். அவள் யோசித்து, குழந்தையின் வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு விரலை இழுத்துக் காட்டினாள். அப்படியென்றால் அது உன் இடது கைப் பக்கம், இறம்பொடைப் பக்கம் இறங்கியிருக்கிறது. கல்லாகக் கீழே விழுந்ததா, மேலேயே எரிந்து முடிந்ததா? அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே இரண்டு பேரும் தேடப் போயிருப்போம்.

படம் பிடிப்பவனை யாரும் படம் பிடிப்பதில்லை. பச்சை வெளிச்சத்தில் வாய் பிளந்து நின்ற உன் முகம் எந்தக் கார்டிலும் இல்லை. இன்று காலையிலிருந்து அது என்னிடம் இருக்கிறது. அதை நான் அழிக்கமாட்டேன்.