நீ எழுதாத கடைசி அத்தியாயம்

மேற்கு பெர்லின்
அக்டோபர் 1973

எனக்கு முன்னால் பிறந்து, என்னோடு வாயாடியே வளர்ந்த என் அருமை அருள் அண்ணனுக்கு,

முதலில் உனக்குப் பிடித்த சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் இரண்டு ஜெர்மனிகளும் ஐ.நா. சபையில் சேர்ந்துவிட்டன. நம் இந்தியா போன வருஷமே கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்துவிட்டது. இதெல்லாம் ஒருநாள் நடக்கும் என்று நீ சொன்னபோது, "ஆமா, உன்னையக் கேட்டுத்தான் நடத்தப் போறாவ" என்று கேலி செய்தேன். நடந்துவிட்டது. பார்க்கத்தான் நீ இல்லை.

நீ குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஃப்ராவ் கிரூகர் நலம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கையை இப்போது அனுமதி வாங்கிக்கொண்டு அவரே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அப்போதெல்லாம் பெர்லின்காரர்கள் தாண்ட முடியாத சுவரை இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டித் தாண்டி, அவருடைய காப்பிப் பொட்டலங்களைத் தங்கையிடம் சேர்த்தவன் நீயல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அருள் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான்!" என்று அழுதார்.

எனக்குச் சுருக்கென்றது. இப்போதெல்லாம் 'அருள் இருந்திருந்தால்' என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு ஆவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. உன்னைத் தெரிந்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த அமெரிக்க அதிபர் பெர்லினுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நர்ஸ் பயிற்சியில் இருந்த என்னையும் நகரமன்றத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனாய். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், இரண்டு நாள் சைகையிலேயே பேசினாய். அதே வருஷம் நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றபோது ஊர் முழுக்க ஜன்னல்களில் மெழுகுவர்த்தி எரிந்தது. உன் ஜன்னலிலும் ஒன்று எரிந்தது. அந்த வாரம்தான் உன் ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைத்தது. இறந்துபோன ஓர் அதிபர் விட்டுச் சென்றது, ஒரு நாடு மற்ற நாடுகளோடு பழகும் விதத்தை எப்படி மாற்றுகிறது?

ஃப்ராவ் கிரூகருக்கு அந்த மனிதர் கிட்டத்தட்ட சாமி. அவர் உயிரோடு இருந்திருந்தால் சுவரே இருந்திருக்காது என்பார். சுவர் எழுந்ததே அவர் பதவியில் இருந்தபோதுதான், அவர் அதைத் தடுக்கவில்லை என்று நீ பணிவாக எடுத்துச் சொன்னாய். இரண்டு நாள் உனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

ஆனால் உன் ஆராய்ச்சிக்குக் கருவே அதுதான் என்பாய். வாஷிங்டன் வந்து சுவரை இடிக்காது என்று புரிந்ததால்தான், அன்று அதிபருக்குப் பக்கத்தில் நின்ற இந்த ஊர் மேயர் கிழக்கோடு பேசிப் பார்க்கலாம் என்று துணிந்தார். வெளியுறவு அமைச்சரானார், பிறகு நாட்டை ஆளும் சான்சலரும் ஆனார். சமாதானத்தை அந்த அதிபரிடம் கற்றதாக இங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அங்கே அமெரிக்காவிலோ, அடுத்து வந்தவர் அதே மனிதர் தொடங்கிய வேலையைத் தொடர்வதாகச் சொல்லிக்கொண்டே வியட்நாமுக்கு விமானங்களை அனுப்பினார்.

நர்ஸ் விடுதிச் சமையலறையில் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே நீ கேட்டாய். "ஏட்டி எஸ்தரு, ஒரே மனுசன். அவரு பேரச் சொல்லி ஒருத்தன் குண்டு போடுதான், இன்னொருத்தன் கை குடுக்கான். ரெண்டு பேருல யாரு வாரிசு?"

"உயில் எழுதாமச் செத்துட்டா வீட்டுலயே அடிதடிதான். நாட்டுல இருக்காதாக்கும்?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. ரசம் ஆறிப்போகும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு உன் எழுத்து ஓடவில்லை. நான்கு அத்தியாயம் முடித்தவன், கடைசியான ஐந்தாவதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தாய்.

மேயர் சான்சலரான பிறகு வந்த குளிர்காலத்தில் உன் இதயம் மக்கர் பண்ணியது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தாய். ஒரு சாயங்காலம் என் சீருடைக் கையைப் பிடித்து இழுத்து, "எஸ்தரு, அந்தக் கடைசி அத்தியாயம் இருக்குல்லா..." என்று ஆரம்பித்தாய். பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உனக்கு மூச்சும் இரைத்தது. "சும்மா கெடண்ணே, பெறவு சொல்லலாம்" என்றேன். வாழ்நாளில் முதல்முறையாக நான் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

இந்த வசந்தத்தில் வேங்கடேசன் வந்தார். உன்னோடு ஒரே அறையில் இருந்து, உன் சமையலைச் சகித்துக்கொண்ட அதே மதுரைக்காரர்தான். ஐந்தாவது அத்தியாயத்தைத் தானே எழுதித் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு அதை உன் பெயரில் சேர்த்துக் கொடுத்தால், உனக்கு டாக்டர் பட்டம் கொடுப்பதைப் பற்றிப் பேராசிரியர்கள் யோசிப்பார்களாம். பாளையங்கோட்டையில் அப்பாவுக்கும் எழுதிவிட்டார். புஸ்தகத்தில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று அப்பா எனக்கு எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கற்ற ஜெர்மன் மொழியை வைத்துக்கொண்டு மெள்ளப் படித்தேன். அந்த அதிபரின் உண்மையான வாரிசு இந்த நாட்டின் சமாதானக் கொள்கைதான் என்று அழகாக முடித்திருந்தார்.

"இது அருள் சொன்னதா?" என்று கேட்டேன்.

"அவன் நோட்ஸ வச்சுத்தான் எழுதினேன் எஸ்தர். அவன் இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பான். இப்ப நடக்குறதெல்லாம் அதைத்தானே ப்ரூவ் பண்ணுது?"

"வியட்நாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை ஃபுட்நோட்ல போட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் மேல் கோபமில்லை, அண்ணா. தன் வேலை முடிந்து வந்து, உன் மேல் இருந்த பிரியத்தில் ராவும் பகலுமாக உழைத்திருக்கிறார். எனக்கும் அந்த முடிவு பிடித்துத்தான் இருந்தது. நீ கடைசியில் நம்பிக்கையோடு போனாய் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு ஆறுதல்! சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் பயம் வந்தது. அந்த அதிபரின் பெயரைச் சொல்லிப் போரை நடத்தியவர்களும் அவரை நேசித்தவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்? அவர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்று அவர்களும் மனதார நம்பியிருக்கலாம். இல்லை என்று சொல்ல அவரால் எழுந்து வர முடியவில்லை. உன்னாலும் முடியாது.

பேனாவை மூடினேன். "உங்க பேருலயே போடுங்க வேங்கடேசன். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அது நீங்க எழுதுனது" என்றேன்.

"அப்ப டாக்டரேட் கிடைக்காது."

"தெரியும்."

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

காகிதங்களை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். அவர் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். பிறகு நான் சொன்னபடியே செய்தார். புத்தகம் அச்சில் இருக்கிறது. நான்கு அத்தியாயம் உன் பெயரில், ஐந்தாவது அவர் பெயரில். உன் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. நான் செய்தது சரிதானா? நீயாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? பார், நானும் அதே 'அருள் இருந்திருந்தால்' கேள்வியைத்தான் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறேன். புத்தகத்தைத் தபாலில் அனுப்பாமல் நானே அப்பாவின் கையில் கொடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அவர் உன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்புள்ள முடிவா என்னம்மா சொன்னான்?" என்று கேட்பார். அவர் மனசு குளிர ஒரு பதிலைச் சொல்லி அவரைத் தூங்கவைக்க என்னால் முடியும். சொல்ல மாட்டேன். "தெரியாதுப்பா, அவன் சொல்லத்தான் வாயெடுத்தான், நாந்தான் பேசவிடல" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை,
எஸ்தர்